கடன் வேறு, நன்றி வேறு



உங்கள் வீட்டிலோ அயல் வீட்டிலோ ஒரு பிள்ளை பல்கலைக்கழகப் படிப்பை முடித்துப் பட்டம் பெற்றிருக்கிறது. இன்னும் மேலே படிக்க விரும்பி விண்ணப்பித்ததில் இரண்டு மூன்று இடங்களிலிருந்து அழைப்பும் வந்துவிட்டது. எதை ஏற்பது, எதை விடுவது? ஹற்றனிலும் தலவாக்கலையிலும் பொகவந்தலாவையிலும் இன்று இப்பேச்சு வீடுகளில் கேட்கத் தொடங்கியிருக்கிறது. எது பெரிய பல்கலைக்கழகம், எங்கே படித்தால் கூடுதலான சம்பளம், எந்த நாட்டிலே தங்கிவிடலாம் என்ற மட்டில் பேச்சு பெரும்பாலும் முடிந்து விடுகிறது. ஆனால் இதற்குள்ளே ஒரு மனச்சாட்சிக் கேள்வியும் ஒளிந்திருக்கிறது. அதையே இவ்வாரம் உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

இந்தக் கேள்வி நம்மிடையே எவ்வளவு புதியது என்பதை முதலில் எண்ணிப் பாருங்கள். நாட்டுக்கு இலவசக் கல்வி 1945 இல் வந்தது. தோட்டப் பாடசாலைகளோ அதற்குப் பின்னும் முப்பது ஆண்டுகள் வரை தோட்ட நிர்வாகங்களின் கையிலேயே கிடந்தன. அநேகமான தோட்டங்களில் ஒரு மண்டபம், ஓர் ஆசிரியர், சில வகுப்புகள், அவ்வளவுதான். அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில். அதற்குப் பிறகே தோட்டப் பிள்ளைகள் உயர்தரப் பரீட்சையை எட்டிப் பார்த்தார்கள். ஆகவே, 'எந்தப் பல்கலைக்கழகம்?' என்று தெரிவு செய்யும் நிலை நம்மில் பலருக்குப் பாட்டனார் காலத்தில் கனவிலும் இருந்ததில்லை. இதில் எப்படித் தீர்மானிப்பது என்று கேட்டறிய வீட்டிலே மூத்தவர் எவரும் இல்லை. பிள்ளையே வீட்டின் முதற் பட்டதாரி.

பேச்சுக்கு வசதியாக ஒரு குடும்பத்தை எண்ணிக் கொள்வோம். டிக்கோயாப் பக்கத்துத் தோட்டம். தாய் கொழுந்து பறிக்கிறார். தகப்பனார் உடல்நலமின்றி வேலையை விட்டுவிட்டார். மூத்தவன் சாதாரணதரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்திக்கொண்டு கொழும்பு புறக்கோட்டையில் ஒரு கடையில் வேலை செய்கிறான். மகள் பேராதனையில் விவசாய விஞ்ஞானம் படித்துப் பட்டதாரியாகியிருக்கிறாள். இப்போது அவளுக்கு மூன்று வழிகள். ஒன்று, பேராதனையிலேயே 1975 இல் நிறுவப்பட்ட விவசாயப் பட்டப்பின் படிப்பு நிறுவகத்தில் ஆய்வு உதவியாளராகச் சேர்ந்து முதுமாணிப் பட்டம் பெறுவது. இரண்டு, இந்திய அரசாங்கம் இலங்கை மாணவருக்கு வழங்கும் மௌலானா ஆசாத் புலமைப்பரிசிலில் இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதுமாணிப் படிப்பு. இதில் கல்விக் கட்டணம் முழுவதையும் அவர்களே ஏற்று, மாதாமாதம் வாழ்க்கைச் செலவுக்கும் தருகிறார்கள். மூன்று, இங்கிலாந்தில் ஓராண்டு முதுமாணிப் படிப்பு. அதற்கு இடம் கிடைத்திருக்கிறது, பணம் கிடைக்கவில்லை.

உறவினரையும் அயலவரையும் கேளுங்கள். பத்தில் எட்டுப் பேர் மூன்றாவதையே சொல்வார்கள். இங்கிலாந்து என்ற சொல்லுக்கு நம் மலைகளில் இன்னமும் ஒரு மயக்கம் உண்டு. நூற்றைம்பது ஆண்டுகளாகத் துரைமார் வந்த ஊர் அல்லவா! கொழும்பிலுள்ள முகவரும் அதையே சொல்வார். அவர் சேர்த்து விடும் ஒவ்வொரு மாணவருக்கும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் அவருக்குத் தரகு கொடுப்பது வழக்கம். அவர் சொல்வது பொய்யென்று நான் கூறவில்லை. ஆனால் அவர் தரும் ஆலோசனை அவருடைய வருமானமும்தான் என்பதை மறவாதீர்கள்.

இவ்விடத்தில் கணக்கைச் சற்றே விரித்துப் பார்ப்போம். ஓராண்டுக் கட்டணம் மட்டும் பதினையாயிரம் பவுண் என்று வைத்துக்கொள்வோம். பவுண் ஒன்று 400 ரூபா என்று கணக்கிட்டால் 60 இலட்சம் ரூபா. 2021 இல் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாயிற்று. 2024 இல் 1,350 ரூபாவாக உயர்ந்தது. அந்த 1,350 ரூபாப்படி மாதம் 25 நாள் பேர் விழுந்தாலும் 33,750 ரூபாதான். ஒரு சதமும் உண்ணாமல் உடுக்காமல் சேர்த்தாலும் 60 இலட்சத்துக்குப் பதினான்கு ஆண்டும் பத்து மாதமும் ஆகும். சாப்பாடு, வாடகை, விமானப் பயணம் எல்லாம் இதற்குப் புறம்பு. நாணயத்தின் பெறுமதியும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. பத்தாயிரம் டொலருக்கு இருபது இலட்சம் என்று திட்டமிட்ட வீடு, மூன்று மாதத்துக்குள் முப்பத்தாறு இலட்சம் தேட வேண்டியதாயிற்று.

இவ்வளவு பணம் எங்கிருந்து வரும்? நமக்குத் தெரிந்த வழிகள்தான். நகை அடகுக்குப் போகும். சீட்டுப் பணம் முன்கூட்டியே எடுக்கப்படும். நுண்கடன் நிறுவனத்தில் தாய் கையொப்பமிடுவார். அவருக்கு ஐம்பது வயது நிறைந்திருந்தால், ஊழியர் சேமலாப நிதியையும் எடுத்துவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். அந்த நிதி இருபது முப்பது ஆண்டு மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று சேர்த்தது. அதற்குப் பிறகு அவருக்கு முதுமைக்கென்று வேறொன்றும் இல்லை. புறக்கோட்டையிலிருக்கும் மூத்தவன் மாதம் ஒரு தொகை அனுப்ப ஒப்புக்கொள்வான். ஒப்புக்கொள்வான் என்று சொல்வதுகூடச் சரியல்ல. அவனை யாரும் கேட்பதேயில்லை; அனுப்புவான் என்று வைத்துக்கொள்கிறார்கள்.

வாசகரே, என் மனத்தை உறுத்துவது இந்த இடம்தான். இத்தனை பெரிய சுமையை ஏற்றிவிட்டு, அதை அந்தப் பிள்ளையிடமே மறைத்து விடுகிறோம். "பணத்தைப் பற்றி நீ யோசிக்காதே, நீ படி" என்கிறோம். அன்பினால்தான் அப்படிச் சொல்கிறோம். ஆனால் அடகுச் சீட்டு எத்தனை, வட்டி எவ்வளவு, அண்ணனின் திருமணம் எத்தனை வருடம் தள்ளிப் போகும் என்பதொன்றும் தெரியாமல் ஒரு பிள்ளை 'நான் இங்கிலாந்துக்குப் போகிறேன்' என்று சொன்னால், அதைத் தீர்மானம் என்று எப்படிச் சொல்வது? விலை எழுதாத பொருளை வாங்கியவளைப் போலத்தான் அவள் நிற்கிறாள்.

இதற்கு நேர்மாறானது இன்னொன்று. பணம் திருப்பிக் கொடுக்க வேண்டிய கடனைப் பேசாமல் மறைக்கிற அதே வீட்டில், திருப்பிக் கொடுக்கவே முடியாத ஒன்றைக் கடனாக்கிப் பேசுகிறார்கள். "உன்னை வளர்த்தோம், படிக்க வைத்தோம், ஆகவே நீ திரும்பி வர வேண்டும்." "நாங்கள் பட்ட பாட்டுக்கு நீ தூரதேசம் போய்விடலாமா?" தாயின் அன்பு, தகப்பனின் உழைப்பு, விடியற்காலையில் மண்ணெண்ணெய் விளக்கடியில் அண்ணன் சொல்லித் தந்த பெருக்கல் வாய்ப்பாடு, இவையெல்லாம் திடீரென்று ஓர் பற்றுச்சீட்டில் ஏறிவிடுகின்றன.

கடன் வேறு, நன்றி வேறு என்பதே நான் சொல்ல வந்தது. கடனுக்குத் தொகையுண்டு, தவணையுண்டு, கொடுத்தவருக்கு அதைக் கேட்கும் உரிமையுமுண்டு. ஆகவே அதை வாய்விட்டுப் பேச வேண்டும்; எழுதிக்கொள்வதும் நல்லது. நன்றி அப்படியல்ல. அதைக் கேட்டு வாங்க முடியாது. கேட்ட மாத்திரத்தில் அது நன்றியாக இல்லாமற் போய்விடுகிறது. நம் வீடுகளில் இவ்விரண்டும் இடம் மாறிக் கிடக்கின்றன. பேச வேண்டியதை மூடுகிறோம். மூடி வைக்க வேண்டியதைப் பேசுகிறோம்.

கடனைப் பேசுவது என்றால் எப்படி? லூக்கா நற்செய்தியில், கோபுரம் கட்ட எண்ணுகிறவன் முதலில் உட்கார்ந்து, முடிக்கத் தக்க பொருள் தன்னிடம் உண்டோ என்று கணக்குப் பார்ப்பதைப் பற்றி ஆண்டவர் பேசுகிறார். சிலுவை சுமப்பதைப் பற்றிய பகுதியில் அப்பேச்சு வருகிறது என்றாலும், கணக்குப் பார்ப்பதை அவர் உலகப்பற்று என்று தள்ளிவிடவில்லை. ஒரு ஞாயிறு மாலை வீட்டார் எல்லாரும் உட்காருங்கள். மூத்தவனையும் அழையுங்கள், வர முடியாவிட்டால் கைத்தொலைபேசியிலாவது அவனைப் பேசச் சொல்லுங்கள். ஒவ்வொரு வழிக்கும் என்ன செலவு, யார் கொடுப்பது, எப்போது திரும்பக் கிடைக்கும், கிடைக்காமற் போனால் என்னவாகும் என்று ஒரு கொப்பித் தாளில் எழுதுங்கள். மூத்தவனைப் பார்த்து, "உன்னால் இயலுமா? மனமுண்டா?" என்று ஒரு முறை கேளுங்கள். அவன் இயலாது என்றும் சொல்லலாம் என்று நீங்கள் எண்ணிக்கொண்டு கேட்க வேண்டும். தங்கைக்காகத் தன் படிப்பை ஏற்கனவே ஒரு முறை விட்டவன் அவன். அப்போதும் அவனை எவரும் கேட்டதில்லை.

தாலந்து உவமையைச் சொல்லி, "கிடைத்த வரத்தைப் புதைக்கலாமா?" என்று பிள்ளையை உந்துகிறவர்களும் உண்டு. நல்ல உவமைதான். ஆனால் அங்கே ஊழியர் கையிலிருந்தது எசமான் மனமறிந்து கொடுத்துவிட்டுப் போன பணம். அண்ணனுக்குத் தெரியாமல் அவன் பேரில் வாங்கிய பணமல்ல.

இன்னொரு காரியத்தையும் ஒளிக்காமற் பேசிவிட வேண்டும். இங்கிலாந்து விசாவுக்கு விண்ணப்பிக்கும் மாணவர், செலுத்த வேண்டிய கட்டணத்தின் மீதியையும் ஒன்பது மாதம் வரைக்குமான வாழ்க்கைச் செலவையும், தம் கணக்கிலோ பெற்றோரின் கணக்கிலோ தொடர்ந்து 28 நாள் வைத்திருந்ததாகக் காட்ட வேண்டும். அந்த 28 நாளுக்கு மட்டும் வட்டிக்குப் பணம் கொண்டுவந்து போட்டு, 29 ஆம் நாள் எடுத்துக்கொண்டு போகும் வழக்கம் நம் நாட்டிலே பரவியிருக்கிறது. நல்ல கிறிஸ்தவக் குடும்பங்களும் இதைச் செய்கின்றன. "எல்லாரும் செய்வதுதானே, வெறும் காகித விதிதானே" என்கிறார்கள். ஏழைக்குக் கதவடைக்கும் விதி அது என்று கோபப்படுகிறவர்களின் கோபத்தில் நியாயமும் உண்டு. ஆனாலும் அந்த விதி கேட்கும் கேள்வியைக் கவனியுங்கள். 'ஒன்பது மாதம் உன்னால் சாப்பிட முடியுமா?' என்றுதான் அது கேட்கிறது. இல்லாத பணத்தைக் காட்டி 'முடியும்' என்று எழுதினால், ஏமாறுவது விசா அதிகாரி மட்டுமல்ல. மார்கழிக் குளிரில் யாரோ ஒருவருடைய வீட்டில் வாடகை அறையொன்றில், படிப்பதற்கு வந்தவள் இரவெல்லாம் வேலை செய்துவிட்டுப் பகலில் விரிவுரையில் தூங்கி விழுகிறாளே, அவளே முதலில் ஏமாந்தவள். பொய்யின் பாவம் ஒருபுறமிருக்க, அந்தப் பொய்யின் செலவு பிள்ளையின் தலையில் விழுகிறது.

பிணை நிற்பதும் இவ்வகையைச் சேர்ந்ததே. நம் பல்கலைக்கழகங்களில் தகுதிகாண் விரிவுரையாளராக இருப்பவர், சம்பளத்துடன் கற்கை விடுமுறை பெற்று வெளிநாடு செல்லும்போது, திரும்பி வந்து குறித்த காலம் பணிபுரிவதாக ஒப்பந்தம் எழுதுகிறார். பிணையாளிகளும் கையொப்பமிடுகிறார்கள். அவர் வராவிட்டால் பணம் பிணையாளிகளிடம் கேட்கப்படும். நாட்டின் நிலை கெட்ட 2022 க்குப் பின்னர் திரும்பி வராதவர்கள் பலர். அவர்கள் நாட்டை விட்டுப் போனது சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல நான் முன்வரவில்லை. ஆனால் பிணை நின்ற மாமன்மாருக்கோ பள்ளிக்கூடத்து ஆசிரியருக்கோ ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்துவிடுவது அநியாயம். அது நன்றியைப் பற்றிய காரியமல்ல, வெறும் கடன்.

இனி நன்றியைப் பற்றிச் சிந்திப்போம். மலையகத் தாய் ஒருவர், "தூரம் போகாதே" என்று அழுகிறபோது, அந்தக் கண்ணீரை நாம் அற்பமாக எண்ணலாகாது. அது வெகு தூரத்திலிருந்து வருகிற கண்ணீர். 1948 இல் குடியுரிமைச் சட்டம் நம் மக்களை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30 ஆந் திகதி கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 9,75,000 மக்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவது என்று எண்ணிப் பங்கிட்டது. எஞ்சியவர்களை 1974 இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. அண்ணனுக்கு இந்தியா, தங்கைக்கு இலங்கை என்று வந்த வீடுகள் உண்டு. ஹற்றன் புகையிரத நிலையத்திலே கட்டிப்பிடித்து அழுது, தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கியவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் அநேகரை இங்கிருந்தவர்கள் பின்னர் கண்ணால் கண்டதேயில்லை. மிஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டமே குடியுரிமையை வழங்கியது. ஆகவே, நம் வீடுகளில் 'பயணம்' என்ற சொல் நெடுங்காலம் பிரிவு என்றே பொருள்பட்டது.

ஆனால் அந்தப் பயணத்துக்கும் இந்தப் பயணத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் தாய்மார் எண்ணிப் பார்க்க வேண்டும். அன்று போனவர்களை எவரும் 'போகிறாயா?' என்று மனதாரக் கேட்கவில்லை. யார் யாரோ எழுதிய எண்களுக்குள் அவர்கள் அடங்கினார்கள். இன்று உங்கள் மகளுக்கு முன்னால் மூன்று கடிதங்கள் இருக்கின்றன. எதையும் ஏற்கலாம், எல்லாவற்றையும் மறுக்கவும் செய்யலாம். நம்மவரில் பலருக்கு மறுக்கப்பட்டிருந்த தெரிவு என்னும் உரிமை அவள் கைக்கு வந்திருக்கிறது. அதை நம் கண்ணீரால் திரும்பப் பிடுங்கிக்கொள்வது நியாயமாகுமா?

"அப்படியானால் இந்த மண்ணுக்கு அவள் ஒன்றுமே செய்ய வேண்டியதில்லையா? தோட்டப் பாடசாலைகளில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் போதாதே, படித்தவர்களெல்லாம் போய்விட்டால் இந்த மலைகளின் கதி என்ன?" என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அந்தத் தேவையைப் பிள்ளையின் முன் வையுங்கள். அவளுக்குத் தெரியாததல்ல என்றாலும் வையுங்கள். தீர்மானத்தில் அதுவும் ஒரு காரணமாக நிற்கட்டும். ஆனால் வளர்த்த கடனோடு அதைச் சேர்த்துக் கட்டி அவள் கழுத்தில் மாட்டாதீர்கள்.

நன்றி எந்த வழியில் திரும்பி வரும் என்பதை நாம் முன்கூட்டிச் சொல்ல முடியாது. மடக்கும்புரைத் தோட்டத்தில் 1914 இல் பிறந்த ஸி. வி. வேலுப்பிள்ளை கொழும்புக்குப் போய் நாளந்தாவில் கற்றார். திரும்பி வந்து, 1947 இல் தலவாக்கலையின் பாராளுமன்ற உறுப்பினரானார், தொழிற்சங்கத்தில் உழைத்தார், தோட்ட மக்களின் வாழ்வை ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதினார். ஹற்றன் ஹைலன்ட்ஸ் கல்லூரியில் அதிபராயிருந்து ஒரு தலைமுறை இளைஞரை எழுப்பிய இர. சிவலிங்கம், பின்னாளில் தமிழ்நாட்டுக்குப் போனார். அங்கே நீலகிரியில், தாயகம் திரும்பியோர் என்ற பெயரில் அல்லற்பட்டுக் கொண்டிருந்த நம் மக்களின் மறுவாழ்வுக்காகவே உழைத்தார். அவர் மலையகத்தை விட்டுப் போனாரா, மலையகத்தோடு போனாரா? இன்னொருபுறம், தோட்டத்தில் பிறக்காத இயேசு சபைக் குருவான பவுல் கஸ்பர்ஸ் அடிகளார், 1972 இல் கண்டியில் சத்தியோதயத்தை ஆரம்பித்து, 2017 இல் இறக்கும் வரை தோட்ட மக்களின் உரிமைக்காகப் பேசினார். அவர் நம் தாய்மாருக்குப் பட்ட கடன் ஒன்றுமில்லை.

போனவர்களில் ஒரு கடிதமும் எழுதாமல் மறந்துவிட்டவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். அது வலிக்கிறது. அந்த வலிக்கு நான் மருந்து அறியேன். ஆனால் புறப்படும் பிள்ளையிடம் முன்கூட்டியே வாக்குறுதி வாங்கிக்கொள்வதால் அந்த வலி தீர்ந்ததாகவும் நான் கண்டதில்லை.

பெண்பிள்ளையாயிருந்தால் இன்னொரு பேச்சும் உண்டு. "கல்யாணத்தை முடித்துவிட்டுப் போகட்டும்." ஆண்பிள்ளைக்கு அழைப்பு வந்தபோது இதை எவரும் சொல்லவில்லை என்பதை மட்டும் நினைவூட்டிவிட்டு மேலே செல்கிறேன்.

நம் மூன்று கடிதங்களுக்குத் திரும்புவோம். பேராதனை வழியை 'போக முடியாதவர்களின் வழி' என்று பலர் இகழ்கிறார்கள். தேயிலையைப் பற்றி ஆராய விரும்பும் பிள்ளைக்கு இதைவிட நல்ல இடம் எது? 1925 இல் தொடங்கப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் நம் தலவாக்கலையில், சென் கூம்ஸ் தோட்டத்திலே இருக்கிறது. நம் தாய்மார் விரலால் அறிந்த செடியை, மண்ணின் புளிப்பு என்ன, கொப்புள நோய் எப்படிப் பரவுகிறது, மழை குறைந்தால் கொழுந்து எவ்வளவு குறையும் என்று கருவிகளோடு அறியும் இடம். கொழுந்து பறித்தவரின் மகள் அங்கே ஆய்வாளராக நுழைவது சிறிய காரியமல்ல. ஆனால் அவள் தேயிலையை விட்டு வேறு துறையை நாடினால், தாய்க்குப் பக்கத்தில் இருக்கலாம் என்பதற்காக மட்டும் பேராதனையில் இருக்கச் சொல்லக் கூடாது. பயத்தைக் கடமை என்று பெயரிட்டு அழைப்பது நம் வீடுகளில் எளிதாக நடந்துவிடுகிறது. பிள்ளையும் அதைச் செய்யும், பெற்றோரும் செய்வார்கள்.

புலமைப்பரிசிலோடு வரும் வழி வீட்டின் தலையில் கடனை ஏற்றாதது. ஆகவே அதற்கு ஒரு தனிப் பாரம் உண்டு என்பது என் எண்ணம். இதை அறியாத குடும்பங்கள் பல. வெளிநாடு என்றாலே பணம் கட்டித்தான் போக வேண்டும் என்று எண்ணிவிடுகிறார்கள். அமெரிக்காவில் விஞ்ஞானத் துறைகளில் கலாநிதிப் பட்டத்துக்குச் சேருகிறவர்களுக்குக் கட்டணத்தை நீக்கி, கற்பித்தலிலோ ஆய்விலோ உதவுவதற்கு மாதப் படியும் கொடுப்பது பெருவழக்கு. ஆங்கிலத்தில் தடுமாற்றமுள்ள பிள்ளை ஓராண்டு பொறுத்து, மொழியைச் சரிசெய்துகொண்டு மீண்டும் விண்ணப்பித்தால், 60 இலட்சம் கடனில்லாமலே போகக் கூடும். இந்த வருடமே போக வேண்டுமென்று எந்தக் கட்டளையும் இல்லை. அவசரம் அநேகமாக முகவருடையது.

எல்லாக் கணக்கும் பேசி முடிந்த பிறகு, தீர்மானத்தைப் பிள்ளையிடமே விட்டுவிடுங்கள். உண்மையைக் கேட்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு, சகோதரனுக்கும் உண்டு. தன் பணத்தைத் தர மறுக்கும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. அவளுடைய வாழ்வைத் தெரிந்தெடுக்கும் உரிமை அவளுக்கே.

தீர்மானமானதும் புறப்படுவதற்கு ஆயத்தம் செய்ய வேண்டும். இங்கே மலையகக் குடும்பங்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாடசாலைப் பதிவில் இன்னொன்று, தேசிய அடையாள அட்டையில் மூன்றாவது. தோட்டத்திலே யாரோ கேட்டு, யாரோ எழுதிய பெயர்கள் அவை. தகப்பன் பெயரின் ஓர் எழுத்து மாறிக் கிடந்ததால் மாதக் கணக்கில் அலைந்தவர்கள் உண்டு. அழைப்பு வருமுன்பே, விண்ணப்பிக்கும் நாளிலேயே, இவற்றையெல்லாம் ஒன்றாக வைத்துப் பாருங்கள். திருத்தம் செய்வதற்குப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். கடவுச்சீட்டுக்குக் கொழும்பு வரை போக வேண்டியதில்லை. கண்டியிலும் அலுவலகம் இருக்கிறது. சான்றிதழ்களைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரைக் கொண்டே மொழிபெயர்ப்பித்து, மூலப் பிரதியோடு இரண்டு மூன்று நிழற்பிரதிகளும் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

குளிரைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். தை மாதத்து நுவரெலியாவில் விடியற்காலை எழுந்து பழகிய பிள்ளைக்குக் கம்பளிச் சட்டை புதிதல்ல. கவலைப்பட வேண்டியது, தொலைபேசிப் பேச்சைப் பற்றியே. "நல்லாயிருக்கிறேன் அம்மா" என்று அங்கிருந்து வரும். "எல்லாம் நல்லபடி மகள்" என்று இங்கிருந்து போகும். அங்கே இரண்டு நாளாகக் காய்ச்சல். இங்கே அடகுக்கு வட்டி கட்டவில்லை. புறப்படுவதற்கு முன் நடந்த அந்த ஞாயிற்றுக்கிழமைப் பேச்சை அதன் பின்னும் விட்டுவிடாதீர்கள். மாதத்துக்கு ஒரு முறை அந்தக் கொப்பியை எடுத்து, இன்ன தொகை மீதி, இன்னார் இவ்வளவு கட்டினார் என்று தொலைபேசியில் வாசித்துக் காட்டுங்கள். மற்ற நாட்களில் பூனை குட்டி போட்டதைப் பேசுங்கள்.

இறுதியாக, ஏற்காத இரண்டு கடிதங்களுக்கும் மறுமொழி எழுத வேண்டும். ஓரிடத்தை உறுதி செய்துவிட்டு மற்றவற்றைப் பதில் சொல்லாமல் கிடக்க விடுவது நம்மவர் வழக்கமாகிவிட்டது. யோசிக்க அவகாசம் கேட்பதில் தவறில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல, உதவித்தொகையோடு வரும் அழைப்புக்கு ஏப்ரல் 15 வரை மாணவரை நெருக்குவதில்லை என்று தமக்குள் ஒப்பந்தமே செய்திருக்கின்றன. ஆனால் மனம் முடிவு செய்த பின்னும் கையில் வைத்திருக்கும் இடம், இன்னொருவருடைய இடம். புலமைப்பரிசில்கள் எண்ணிக்கையில் சில. காத்திருப்போர் பட்டியலில் அடுத்த பெயர் லுணுகலையிலோ மாத்தளையிலோ மன்னாரிலோ ஒரு வீட்டில் இருக்கலாம். அங்கேயும் ஒரு தாய் தினமும் 'பதில் வந்ததா?' என்று கேட்டுக் கொண்டிருப்பார். நன்றி கூறி, வேறிடம் ஏற்றுக்கொண்டதை அறிவித்து இரண்டு வரி எழுதினாற் போதும். உங்கள் மகள் இன்றிரவே அதை அனுப்பிவிடலாம்.